ஆறுதல் வேளையைக் காப்பாற்றியவர்கள்

வானொலியில் நம் நிகழ்ச்சியை நிறுத்தப் போகிறார்கள் என்று பெரியப்பா சபைக் கூடத்தில் எழுந்து நின்று சொன்னபோது, எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன்: அந்த நிகழ்ச்சியை நான் கடைசியாக எப்போது கேட்டேன்? ஞாபகம் வரவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். வரிசை தப்பினால் என் கோபம் முந்திக்கொண்டு வந்து நிற்கும். அப்புறம் நான் சொல்வதை நானே நம்ப மாட்டேன்.

எங்கள் லுத்தரன் சபைக்கு வானொலியில் வாரம் அரை மணி நேரம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம், 'ஆறுதல் வேளை' என்று பெயர். ஒரு வேத வாசிப்பு, ஒரு சின்னப் பிரசங்கம், நடுவில் நேயர்கள் கேட்ட ஞானப்பாட்டு. பாட்டோடு கூட ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமாவுக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு என்று யாராவது சொல்லச் சொன்ன இரண்டு வார்த்தை விசாரிப்பு. இத்தனையையும் படிப்பவர் எங்கள் சபையின் மருந்துக்கடைக்காரர். கடையில் மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே பதமான குரலில் வானொலியிலும் பேசுவார். அந்த நேரத்தை இனிமேல் தொலைபேசியில் விடை சொல்கிற வினாடி வினாவுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்பதுதான் செய்தி.

"விடக் கூடாது. நிலையத்து வாசல்ல போய் நிப்போம்" என்றார் பெரியப்பா. அவர்தான் சபையின் செயலாளர். பஸ் நிலையத்துக்கு எதிரே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். என் அப்பாவுக்கு மூத்தவர். பகலில் ஜெராக்ஸ் கடையிலும் சாயங்காலம் கணக்கியல் வகுப்பிலும் இருக்கும் நான், தங்கிச் சாப்பிடுவது அவர் வீட்டில்.

"எந்த அலைவரிசையில வருது நம்ம நிகழ்ச்சி? தட்டியில போடணும்ல" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

பெரியப்பா போதகரைப் பார்த்தார். போதகர் தன் குடையைப் பார்த்தார்.

"எங்க வீட்டு ரேடியோ ரிப்பேர்ல இருக்கு" என்றார் போதகர்.

"எங்க வீட்லயும்தான்" என்றார் பாடகர் குழுத் தலைவர். அவருக்கு சபையில் 'கடைசிச் சரணம்' என்று பெயர். எந்த ஞானப்பாட்டானாலும் எல்லாச் சரணங்களையும் பாடி முடிக்காமல் விட மாட்டார். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் கால் கடுக்க நின்றாலும், அடக்கத்தில் மழை கொட்டினாலும் விட மாட்டார். பாட்டை நடுவில் நிறுத்துவது ஜெபத்தை நடுவில் நிறுத்துவது மாதிரி என்பார். எங்கள் சபையில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை. சின்ன வயதிலிருந்து அப்படியே பாடி வளர்ந்த எனக்கும் மறுக்கத் தோன்றியதில்லை.

"எப்ப போறோம்?"

"சனிக்கிழமை சாயங்காலம். நம்ம நிகழ்ச்சி கடைசியா வர்ற நேரத்துலயே. அப்பதான் உறைக்கும்" என்றார் பெரியப்பா.

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஏதோ இடித்தது. நிகழ்ச்சி வரும் நேரத்தில் எல்லோரும் தெருவில் நின்றால் அதைக் கேட்பது யார்? ஆனால் இவ்வளவு பேர் யோசிக்காததையா நான் யோசித்துவிட்டேன், எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். தட்டிகளை அச்சடிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். துணிப் பதாகை தைக்கிற வேலையைத் தையல்கார அக்காவுக்குக் கொடுத்தார்கள். அவள் கூட்டத்துக்கு வரவில்லை. வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் சபையில் வழக்கம்.

அடுத்த நாள் சாயங்காலம் வகுப்புக்குப் போகும் வழியில் நீலத் துணியை எடுத்துக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். கீழே கடை, மேலே ஒரே அறை. பழைய வீட்டை விற்றுவிட்டு அந்த அறைக்குத்தான் வந்திருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை மாடி வரைக்கும் இருந்தது. மூலையில் சுருட்டி வைத்த பாய், அதன் மேல் மடித்த போர்வை, அதன் மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, புதிதாகத் தைத்தது, பொத்தான் மட்டும் பாக்கி.

"யாருக்குக்கா சட்டை?"

அவள் துணியை விரித்து சாக்குக் கட்டியால் கோடு போட்டபடியே சொன்னாள். "என் தம்பிக்கு. அளவு தெரியலை. ஜெயில்ல இளைச்சிருப்பானா, ஊதியிருப்பானான்னு யாரைக் கேக்குறது?"

அவள் தம்பியை சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றால், சிரிப்பதற்குத் தெரியும். எங்கள் சபைக் கோவில் கோபுரத்து இடிதாங்கியின் செம்புக் கம்பியை அறுத்து விற்றவன். அதற்கப்புறம் வேறு எங்கெங்கோ கம்பி அறுத்து, மாட்டி, உள்ளே போனான். இப்போதும் வானம் இடித்தால் கடைசிச் சரணத்தார் மேலே பார்த்து, "தையல்காரம்மா தம்பி புண்ணியத்துல இன்னைக்கு எல்லாரும் பரலோகம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். புதுக் கம்பியைப் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. சிரிப்பு மட்டும் பழையதாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

"போய்ப் பாத்தீங்களாக்கா?"

"போனா வரமாட்டேங்கிறான். எழுதினா பிரிக்காமலே திருப்பி அனுப்புறான். அவமானம்மா அவனுக்கு. வெளிய வர்ற நாளை, அவன் யார் பேரைக் கொடுத்திருக்கானோ அவங்களுக்குத்தான் சொல்லுவாங்களாம். அவன் யார் பேரையும் கொடுக்கலை." கத்தரி துணியில் நேராக ஓடியது. "உள்ள அவன்கூட இருந்த வெல்டர் ஒருத்தர் போன மாசம் வெளிய வந்தார். பேன்ட் சுருக்க வந்தவர்தான். அவர் சொன்னார், சனிக்கிழமை சாயங்காலம் ஜெயில் கூடத்துல நம்ம நிகழ்ச்சியை வைப்பாங்களாம். என் தம்பி ரேடியோவுக்கு நேர் கீழ போய் உக்காந்துக்குவானாம். பாட்டெல்லாம் கூடவே பாடுவானாம். அடுத்த வாரத்துல ஒரு நாள் விட்டுடுவாங்கன்னும் அவர்தான் சொன்னார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சுவருக்குள் அவள் குரல் போக ஒரே ஓட்டை அந்த நிகழ்ச்சிதான். அந்த நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருந்தது.

"மருந்துக்கடை அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். படிக்கிறேன்னுட்டார்" என்றாள். பிறகு, ஏற்கெனவே பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தவள் மாதிரி தடுமாறாமல் சொன்னாள். "தம்பி, பழைய வீட்டுக்குப் போகாதே, அதை வித்தாச்சு. கடை மாடிக்கு வா. உன் பாயும் போர்வையும் இங்கதான் இருக்கு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இவ்வளவுதான். போதும்ல?"

"போதும்க்கா."

"உங்க பெரியப்பா காதுக்குப் போயிடக் கூடாது. ஜெயில்காரங்களுக்கு விசாரிப்புப் படிக்கக் கூடாதுன்னு போன வருஷமே அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கார். சபை பேர் கெட்டுடுமாம்." நூலைப் பல்லால் கடித்தாள். "போராட்டத்தால இதுக்கு ஒண்ணும் இடைஞ்சல் வராதே?"

"வராதுக்கா" என்றேன். தெரியாமல்தான் சொன்னேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பெரியம்மாவுக்கு மாத்திரை வாங்கும் சாக்கில் மருந்துக்கடைக்குப் போய் விசாரித்தேன். கடையில் கூட்டமில்லை. அண்ணன் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நிலையம் பழைய வீடும்மா. நான் படிக்கிற அறை தெருவைப் பாத்தது. ஜன்னல் கண்ணாடி ஒண்ணு உடைஞ்சு அட்டை வெச்சு ஒட்டியிருக்காங்க. லாரி போனாலே மைக்குல விழும். நீங்க எங்க நிக்கப் போறீங்க?"

"அந்த ஜன்னல் பக்கந்தான்ணே. நிழல் இருக்குன்னு."

கத்தரி நின்றது.

"முன்னாடியே பதிவு பண்ணி வெச்சிட முடியாதாண்ணே?"

"பதிவு பண்ற அறையை வினாடி வினா ஒத்திகைக்கு எடுத்துட்டாங்க. நேரலைதான். ஆரம்பத்துலயே படிச்சிடலாம்னா, ஜெயில்ல ரேடியோ போடுறவர் எப்பவும் லேட்டாம், அக்கா சொன்னாங்க. நடுவுலதான் வைக்கணும். ரெண்டு தரம் படிக்கிறேன். கடைசி நாள்ல என்னை யாரு வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ உங்க ஆளுங்களைக் கொஞ்சம் அமைதியா நிக்கச் சொல்லு, போதும்."

போதும் என்றார். அவர் சொன்னதைப் பார்த்தால் சின்ன வேலை மாதிரி இருந்தது.

பெரியப்பாவின் கடைக்குப் போனேன். அவர் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நான் அடித்துக் கொடுத்த தட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 'சிறைப்பட்டோரின் ஆறுதலைப் பறிக்காதே' என்று ஒரு தட்டி. அதன் மேல் கிரீஸ் படிந்த கட்டைவிரலை வைத்து அழுத்தி, "இது நல்லாருக்கு. படிச்சாலே கண்ணுல தண்ணி வருது" என்றார்.

"பெரியப்பா, நிகழ்ச்சி முடியிற வரைக்கும் மௌனமா நின்னுட்டு அப்புறம் பாடினா என்ன?"

"மௌனமா நிக்க நாம என்ன எழவு வீட்டுக்கா போறோம்?"

"இல்ல, உள்ள நிகழ்ச்சி நடக்கும். நம்ம சத்தம் உள்ள கேட்டுடும்னு..."

"கேக்கணும்! அதுக்குத்தானே போறோம்? பத்திரிகைக்காரர் அந்த நேரத்துக்குத்தான் வர்றேன்னிருக்கார். அவர் வரும்போது வாயை மூடிக்கிட்டு நின்னா படத்துல எப்படித் தெரியும்?" பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "ஏன், கணக்கப்பிள்ளைக்கு திடீர்னு இவ்வளவு அக்கறை?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் மருந்துக்கடைக்குத் தொலைபேசி பறக்கும், விசாரிப்பு நின்றுவிடும். சொல்லாவிட்டால் பாட்டு அதை அமுக்கிவிடும். இரண்டையும் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் கனமென்று தெரியவில்லை. "சும்மாதான் பெரியப்பா" என்று வந்துவிட்டேன்.

கடைசிச் சரணத்தாரையும் பார்த்தேன். கூடத்தில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். மைக்கின் மேல் மாட்டிய பஞ்சுறையில் உதட்டை ஒட்டவைத்துத்தான் பேசுவார். அவர் விட்ட பிறகு அந்தப் பஞ்சு நனைந்திருக்கும். வேதம் வாசிக்க முறை வரும்போதெல்லாம் நான் அதிலிருந்து முகத்தைத் தள்ளி வைத்துத்தான் வாசிப்பேன்.

"சின்னப் பாட்டா ஒண்ணு பாடினா போதாதா சார்?"

"போராட்டத்துக்குச் சின்னப் பாட்டா?" என்று மைக்கிலேயே கேட்டார். கூடம் முழுக்க அதிர்ந்தது. "பத்துச் சரணம் இருக்கிறதா பாத்து எடுத்து வெச்சிருக்கேன்மா!"

சனிக்கிழமை நாங்கள் நிலையத்து வாசலில் நின்றோம். நல்ல வெயில். தள்ளுவண்டியில் ஒலிபெருக்கி, அதன் கீழே கார் பேட்டரி. அட்டை ஒட்டிய ஜன்னல் எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. பதாகையின் ஒரு முனையைத் தையல்கார அக்கா பிடித்திருந்தாள். நீலத் துணியில் வெள்ளை எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே வெட்டி, ஓரம் மடித்து, சுருக்கம் விழாமல் தைத்திருந்தாள். 'ஆறுதல் வேளை எங்கள் உயிர்.' அவளைத் தவிர அங்கே யாருக்கும் அது உயிர் இல்லை என்று நினைத்தேன். உடனே, எனக்கு மட்டும் என்ன, நானும் ஒரு வாரம் முன்பு வரை கேட்டதில்லையே என்றும் நினைத்தேன்.

அக்கா வேண்டுமென்றே காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூண்டில் ஒரு சின்ன ரேடியோ. காவலாளி அவளுக்காக அதைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். மருந்துக்கடை அண்ணனின் குரல் கேட்டது. வேத வாசிப்பு தொடங்கியிருந்தது.

பாட்டும் தொடங்கியது.

முதல் சரணத்தில் பத்திரிகைக்காரர் வந்தார். இரண்டாவதில் எல்லோரும் தலைமுடியைக் கோதிக்கொண்டே பாடினார்கள். மூன்றாவதில் நிலைய மேலாளர் வெளியே வந்தாள். சின்ன வயசுப் பெண். கைகளை உயர்த்தி ஏதோ சொல்லப் பார்த்தாள். எங்கள் ஆட்கள் அவளை நேராகப் பார்த்தபடியே பாடினார்கள். பெரியப்பா, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினார். பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாதே! அவள் நான்காவது சரணம் முழுக்க நின்றாள், ஐந்தாவதிலும் நின்றாள். பிறகு இரண்டு காதுகளையும் பொத்திக் காட்டி, ஜன்னலைக் காட்டி, உள்ளே ஓடினாள்.

"பாத்தியா, பயந்துட்டா" என்றார் பெரியப்பா என்னிடம்.

நான் கூண்டுக்கு ஓடினேன். காவலாளி ரேடியோவைக் காதில் வைத்திருந்தார். அக்கா பதாகையை விடாமலேயே அவர் பக்கம் சாய்ந்திருந்தாள். ரேடியோவிலும் எங்கள் பாட்டுதான் வந்துகொண்டிருந்தது. தெருவில் கேட்ட அதே சரணம், அதே கட்டைக் குரல், அங்கே இன்னும் கரகரப்பாக. அதற்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி, அண்ணன்.

"...ஒரு அக்கா தன் தம்பிக்கு..."

அக்கா என் கையைப் பிடித்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு ஏறி மூடிவிட்டது.

நான் பெரியப்பாவிடம் ஓடினேன். "பெரியப்பா, நம்ம பாட்டு நிகழ்ச்சி மேலயே விழுது. அண்ணன் பேசுறது கேக்கவே இல்லை. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க!"

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "ரேடியோவுல வருதா? நம்ம பாட்டா?" என்றார். பத்திரிகைக்காரர் பக்கம் திரும்பினார். "சார், எழுதிக்குங்க. எங்க குரல் இப்ப ஊர் முழுக்க ஒலிபரப்பாகுது!" பிறகு வண்டிக்காரரைப் பார்த்துச் சைகை செய்தார். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

"சார், நிறுத்துங்க சார்" என்று நான் கடைசிச் சரணத்தாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் பாடிக்கொண்டே தலையை ஆட்டினார். இன்னும் மூன்று என்று விரலைக் காட்டினார். வாயோரத்தில் நுரை. பஞ்சுறையிலிருந்து எச்சில் நூலாக நீண்டு அறுந்தது.

நான் குனிந்து பேட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

சத்தம் சட்டென்று சுருங்கியது. ஒரு மூச்சு விடுகிற நேரம் தெருவில் வெறும் மனிதக் குரல்கள், அதுவும் பிசிறு பிசிறாக. அந்த இடைவெளியில் கூண்டிலிருந்து அண்ணனின் குரல் தெளிவாக வந்தது: "மறுபடியும் சொல்கிறேன். தம்பி, பழைய வீட்டுக்குப்..."

"மைக் போனா என்ன? தொண்டை இருக்கு! எல்லாரும் சத்தமா!" என்று கத்தினார் கடைசிச் சரணத்தார். எல்லோரும் சத்தமாகப் பாடினார்கள். சபையில் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை. ஆராதனையில் வாயசைப்பவர்கள்கூட அன்று நரம்பு புடைக்கப் பாடினார்கள். எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது சரணம் முடிந்து ஆமென் சொன்னபோது, கூண்டு ரேடியோவில் வினாடி வினாவுக்கான விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா பதாகையை இன்னும் பிடித்திருந்தாள்.

மேலாளர் திரும்பவும் வெளியே வந்தாள். இந்தத் தடவை அவள் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. "உள்ள உங்க நிகழ்ச்சிதான் போயிட்டிருந்தது. அது மேலதான் நீங்க பாடினீங்க. யாருமே அதைக் கேக்கலையா?"

போதகர் குடையை விரித்து, "வெயில் அதிகமா இருக்கு" என்றார்.

"படம் எடுத்துக்கலாம், எல்லாரும் கிட்ட வாங்க" என்றார் பெரியப்பா. "தையல்காரம்மா, பதாகையை இன்னும் மேல தூக்குங்க." அவள் தூக்கினாள். துணி அவள் முகத்தை மறைத்தது. அடுத்த நாள் பத்திரிகையில் வந்த படத்திலும் அவள் இருந்தாள். நீலத் துணிக்குக் கீழே இரண்டு கால்களாக.

படம் எடுத்த பிறகு பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். தட்டிகளைத் தரையில் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 'சிறைப்பட்டோரின் ஆறுதலை' தட்டியில் யாரோ டீயைக் கொட்டியிருந்தார்கள். வயரைப் பிடுங்கியது நான்தான் என்று அதற்குள் பரவியிருந்தது. பெரியம்மா என் பக்கத்தில் வந்து, "ஏன்டி, ஞானப்பாட்டு நடுவுல வயரைப் புடுங்குவியா? சாத்தான் புகுந்துடுச்சா உனக்கு?" என்று காதோரம் கேட்டாள். கேட்டுவிட்டு, பிஸ்கட்டை டீயில் முக்கினாள்.

அந்த வாரம் முழுக்க அக்கா கடையை மூடாமல் வைத்திருந்தாள். நான் வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன். அவள் வேலை செய்துகொண்டிருப்பாள். தெருவில் கால் சத்தம் கேட்டால் மட்டும் பெடல் நிற்கும். சட்டைக்குப் பொத்தான் வைத்து முடித்திருந்தாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுவாள். ஒருவேளை அவன் காதில் விழுந்திருக்குமோ, சிறைக்கூடத்து ரேடியோவில் அண்ணன் குரல் கொஞ்சம் மேலே வந்திருக்குமோ என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணக்கு என்றாவது சரியாக வந்திருந்தால்தானே!

வார முடிவில் அந்த வெல்டர் வந்தார். நானும் கடையில் இருந்தேன். அவர் உட்காரவில்லை.

"நேத்து விட்டாங்கம்மா அவனை. லாரி ஷெட்ல பாத்தேன்" என்றார்.

அக்கா எழுந்துவிட்டாள். "எங்க இருக்கான்?"

"சரக்கு லாரில ஏறிட்டான். எங்க போறேன்னு சொல்லலை. உங்க அக்கா காத்துக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன், நம்பலை." வெல்டர் தன் கையில் இருந்த தழும்பைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "அன்னைக்கு ரேடியோல 'ஒரு அக்கா தன் தம்பிக்கு'ன்னு வந்ததாம். அவன் எந்திரிச்சு நின்னுட்டானாம். உடனே கோவில் ஆளுங்க பாட்டு மேல ஏறிடுச்சாம். அந்தப் பாட்டு வாத்தியார் குரல் அவனுக்கு நல்லாத் தெரியுமாமே? அவன் சொன்னான், 'என் பேரு அந்த ரேடியோல வரக் கூடாதுன்னு எல்லாரும் கிளம்பி வந்து பாடி அமுக்கிட்டாங்க. இவ்வளவு பேர் சேர்ந்து விரட்டின ஊருக்கு நான் எதுக்கு வரணும்?'"

அக்கா உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் மிஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். ஊசி வெறுமனே ஏறி இறங்கியது.

"அப்படி இல்லைன்னு அவனுக்கு யாரு சொல்றது?" என்றாள் கடைசியில். அழவில்லை. "அவன் நெனைச்சது தப்புதானேம்மா? வேணும்னு பண்ணலையே அவங்க?"

வேண்டுமென்று செய்யவில்லைதான். அவனை விரட்ட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவனை யாரும் நினைக்கவே இல்லை. இதில் எது மோசம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விரட்ட வந்திருந்தால் ஒருவேளை பத்துச் சரணம் பாடியிருக்க மாட்டார்கள். பாதியில் களைத்திருப்பார்கள்.

அன்று பெரியப்பா வீட்டில் ஒரே சந்தோஷம். நிலையத்திலிருந்து தொலைபேசி வந்திருந்தது. மாதம் ஒரு முறை, விடியற்காலையில், முன்பே பதிவு செய்த பிரசங்கம் போடுவார்களாம். பாட்டு, விசாரிப்பு எதுவும் கிடையாது.

"அந்த விசாரிப்புத் தொல்லையும் ஒழிஞ்சுது. கண்ட கண்டவங்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கிட்டு. முதல் பிரசங்கம் யார் கொடுக்கிறதுன்னுதான் இப்ப யோசனை" என்றார் பெரியப்பா.

"நீங்களே கொடுங்களேன்" என்றாள் பெரியம்மா.

"அட, நான் எதுக்கு?" என்றார், தலையைச் சீவிக்கொண்டே.

என்னால் சாப்பிட முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "கணக்கப்பிள்ளை இன்னும் வயர் புடுங்கின வெக்கத்துல இருக்கா. விடு, சின்னப் பொண்ணு" என்றார் அவர். அவர் பெரிய மனது பண்ணியதுதான் எல்லாவற்றையும்விடக் கசந்தது.

சனிக்கிழமை, ஜெராக்ஸ் கடை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மிஞ்சிப்போன தட்டிக் காகிதங்களின் பின்பக்கத்தில் அச்சடித்தேன். முன்பக்கத்தில் 'ஆறுதலைப் பறிக்காதே' இருந்தது. அது ஒட்டும் பக்கம், பசைக்குள் போய்விடும். பின்பக்கத்தில் அக்கா சொன்னபடி: 'தம்பி, பழைய வீட்டுக்குப் போகாதே, அதை வித்தாச்சு. கடை மாடிக்கு வா. உன் பாயும் போர்வையும் இங்கதான் இருக்கு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.' கீழே அவள் புதிதாகச் சேர்க்கச் சொன்ன ஒரு வரி: 'அவங்க உனக்கு எதிராப் பாடலை.' அந்த வரியை அடிக்கும்போது எனக்குக் கை வரவில்லை. அவர்களுக்கு இந்த நற்சாட்சி எதற்கு என்றிருந்தது. ஆனால் செய்தி அக்காவுடையது. அடித்தேன்.

வெல்டர் ஒரு கட்டு நோட்டீஸை எடுத்துக்கொண்டார். லாரி ஓட்டுநர்கள் நிறுத்திச் சாப்பிடும் இடங்கள் அவருக்குத் தெரியும். மருந்துக்கடை அண்ணன் ஒன்றைத் தன் கடைக் கதவில் ஒட்டினார். மீதி என் பையில்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், கோவில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகைக்குப் போனேன். 'வெற்றி! வெற்றி!' என்று தொடங்கும் செயலாளரின் அறிவிப்பு அதில் இருந்தது. அதன் மேல் பசை தடவி, அக்காவின் செய்தியை ஒட்டி, மூலைகளை அழுத்திவிட்டேன். அழுத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் செருப்புச் சத்தம்.

"என்ன இது?" என்றார் பெரியப்பா.

"படிச்சுப் பாருங்க பெரியப்பா. ரேடியோல ரெண்டு தரம் படிச்சாங்க. ரெண்டு தரமும் உங்களுக்குக் கேக்கலை."

அவர் படித்தார். உதடு அசையப் படித்தார். கடைசி வரியில் கண் கொஞ்சம் நின்றது. அவருக்கு ஏதாவது புரிகிறதா என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், காகிதத்தின் மேல் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிழித்தார். ஈரப் பசையோடு அவருடைய வெற்றியும் சேர்ந்தே கிழிந்து வந்தது. கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"இடிதாங்கித் திருடனுக்குக் கோவில் வாசல்ல விளம்பரமா? உள்ள வா. ஆராதனை ஆரம்பிக்கப் போகுது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

நான் பையிலிருந்து அடுத்ததை எடுத்தேன். பலகையில் இன்னும் பசை காயவில்லை. அதனால் தடவ வேண்டிய வேலைகூட இருக்கவில்லை. அதே இடத்தில் வைத்து அழுத்தினேன். அவர் என் கையைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். பை இன்னும் கனமாக இருந்தது அவருக்கும் தெரிந்தது.

உள்ளேயிருந்து மைக்கைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "எல்லாரும் எழுந்து நிற்போம்" என்றார் கடைசிச் சரணத்தார். நன்றிப் பாட்டு, அதே பாட்டு. செயலாளர் முன்வரிசையில் இல்லாமல் முதல் சரணம் தொடங்கக் கூடாது. பெரியப்பா ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

நான் பசை டப்பாவை மூடிக்கொண்டு, பஸ் நிலையம் இருக்கும் பக்கமாக நடந்தேன். அவருடைய கடைக் கதவும் வழியில்தான். பின்னால் முதல் சரணம் தொடங்கியது. அவர்கள் பத்துச் சரணத்தையும் பாடி முடிப்பதற்குள் ஒரு தெரு முழுக்க ஒட்டிவிடலாம்.